கூரைப் பணம்

எதிர்த்துக் கை தூக்கிய பதினாறு பேரில் நானும் ஒருவன்.
அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

கென்டக்கியின் கிழக்கு மலைகளில்
நிலக்கரி தீர்ந்துபோன பள்ளத்தாக்கு.
அதில் பிரஸ்பிட்டேரியன் சபை ஒன்று.
உறுப்பினர் முப்பத்தெட்டு,
அதில் இடுப்பெலும்பு மாற்றியவர்கள் ஒன்பது.
கூரைக்கென்று ஆறு வருடம் சேர்த்தது
பதினோராயிரத்து நானூறு டாலர்:
கேக் சுட்டு விற்று, பழந்துணி விற்று,
ஹோபர்ட் செத்தபோது அவன் டிராக்டரை விற்று.

பொருளாளர் வெர்னா எழுந்து நின்றாள்.
வசூலாகாதென்று கைவிட்ட ஆஸ்பத்திரி பாக்கிகளைச்
சந்தையில் விற்கிறார்களாம்.
நூறு டாலர் கடன் ஒரு டாலருக்கு.
வாங்குகிற கம்பெனிகள்
சாப்பாட்டு நேரம் பார்த்து போன் அடிக்கின்றன.
நாம் வாங்கினால்
வாங்கிக் கிழித்துப் போடலாம்.

யாருடைய கடன்? என்று கேட்டேன்.
தெரியாது, பெயர் தரமாட்டார்கள் என்றாள்.
குடிகாரனுடையதாகவும் இருக்கலாமே?
இருக்கலாம்.
நம்மைத் திட்டுகிறவனுடையதாகவும்?
இருக்கலாம், டெல்மர். உன்னுடையதாகவும் இருக்கலாம்.

எல்லோரும் சிரித்தார்கள்.
என் சமையலறை இழுப்பறையில்
திறக்காத உறைகள் பதினேழு கிடப்பது
யாருக்கும் தெரியாது.
பட்டவன் கட்டவேண்டும்
என்று வளர்ந்தவன் நான்.

வேறு சபைகளில் அந்த ஜெபத்தில் குற்றம் என்பார்கள்.
எங்கள் சபையில் கடன் என்றுதான் சொல்லுவோம்.
அறுபது வருடம் சொல்லியிருக்கிறேன்;
அது பணத்தைப் பற்றியது என்று
ஒரு ஞாயிறுகூடத் தோன்றியதில்லை.
பட்டதும் கடன், செய்யவேண்டியதும் கடன்.
ஒரே சொல்லுக்குள் இரண்டு பேர்
முதுகோடு முதுகாய் உட்கார்ந்திருக்கிறார்கள்.

இருபத்தொன்றுக்குப் பதினாறு.
ஒருவர் தூங்கிக்கொண்டிருந்தார்.

ஏப்ரலில் மஞ்சள் உறைகள் போயின.
பாதிப்பேர் அடுப்பில் போட்டார்கள்.
ஒருவன் மோசடி என்று போலீசுக்குப் போனான்.
ஆஸ்பத்திரி
அதே விலைப்பட்டியலோடு
அதே குன்றின்மேல்தான் இருக்கிறது,
இரவெல்லாம் விளக்கெரிய.

மே மாதத்து மழையில்
கோவிலில் தனியாக வாளி மாற்றிக்கொண்டிருந்தேன்.
பெட்ரோல் பங்கில் கல்லாவில் இருக்கும் ஓபல் ராட்லிஃப்
ஈரத் தொப்பியோடு உள்ளே வந்தாள்.
கையில் கடிதம். இருபத்து மூவாயிரம்.
அவள் மகன் டார்வின்
தீவிர சிகிச்சையில் கிடந்த இருபத்தாறு நாள்.
அவன் வீடு திரும்பவில்லை.
பில் திரும்பியது, மாதம் தவறாமல்.

இது நிஜமா?
நிஜம்.
நான் ஞாயிறு வரணுமா?
வேண்டாம்.
ஞானஸ்நானம் கீனஸ்நானம்?
அதெல்லாம் இல்லை.

அழுவாள் என்று நினைத்தேன்.
கோபம்தான் வந்தது அவளுக்கு.
யாரைக் கேட்டு அடைத்தீர்கள்?
அவன் பெயருக்கு வந்துகொண்டிருந்த ஒரே தபால் அது.
இனி அந்த வீட்டுக்கு
அவன் பெயர் போட்டு எது வரும்?

கூட்டத்தில் அத்தனை கேள்வி கேட்டவன்,
இந்த ஒன்றைக் கேட்கத் தெரியாமல் போயிருக்கிறேன்.
பதில் இல்லாமல் நின்றேன்.
சொட்டு விழுந்துகொண்டிருந்தது,
வாளிக்கு வெளியே, பலகையில்.
அவள் மேலே பார்த்தாள், கீழே பார்த்தாள்.
வாளி தப்பான இடத்தில் இருக்கு, என்றாள்.
காலால் ஒரு சாண் நகர்த்தினாள்.
தகரத்தில் விழும் சத்தம் கேட்கத் தொடங்கியதும்
கடைசி பெஞ்சில் உட்கார்ந்தாள்.
ஜெபிக்கவில்லை.
மழை விடட்டும் என்று உட்கார்ந்திருந்தாள்.

கடிதத்தை எடுத்துப் போனாளா, விட்டுப் போனாளா,
கவனிக்கவில்லை. மறுநாள் தேடினேன்; இல்லை.

என் இழுப்பறையில் இப்போது பதினெட்டு.
மஞ்சளாய் ஒன்றும் வரவில்லை.
வரவேண்டுமென்று நான் காத்திருக்கவில்லை;
தபால் வண்டி வளைவு திரும்பும் நேரத்துக்கு
வாசலில் எனக்கு ஏதாவது வேலை இருக்கிறது,
அவ்வளவுதான்.